இருசம்மாளின் நாக்கு தொடர்பான நடவடிக்கைகள்

புத்தூரில் இருந்த பணிமகளிர் விடுதி ஒன்றில் இருசம்மாள் தலைமைச் சமையலராக இருந்தாள். தலைமை என்ற சொல் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவளுக்குக் கீழே பாக்கியமேரி இருந்தாள். பாக்கியமேரிக்குக் கீழே காய்கறிகள் இருந்தன.

விடுதியை நடத்தியது மத்திய மண்டலப் பணிமகளிர் விடுதிகள் இணையம். இணையத்துக்கு இருந்ததே இந்த ஒரு விடுதிதான். விடுதிகள் என்று பன்மையில் வைத்தது வருங்காலத்தை உத்தேசித்து என்று இயக்குநர் ஆசீர் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் எழுதுவார். இயக்குநருக்கு அடுத்தபடியாகத் துணை இயக்குநர், கண்காணிப்பாளர், சுகாதார ஆலோசகர் என்று மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். மதியம் எல்லாரும் கீழே இறங்கி வந்து இருசம்மாளின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மேலே போய் நிர்வாகம் செய்தார்கள்.

அந்த வருஷம் இருசம்மாளுக்குப் பணி நிரந்தரம் ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். பயிற்சி மருத்துவர் ஒருவர் டார்ச்சும் கையுமாக வந்திருந்தார். கண், காது, நகம் எல்லாம் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். இருசம்மாள் நீட்டினாள். அவர் வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"எது தம்பி?"

அவர் செல்போனில் படம் பிடித்துக் காட்டினார். நாக்கின் நடுவில் ஒரு திட்டு செக்கச் செவேலென்று வழவழப்பாக இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை. ஓரத்தில் இன்னும் சின்னச் சின்னத் திட்டுகள். இருசம்மாள் தன் நாக்கை அதுவரை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

பாக்கியமேரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இலங்கை மாதிரி இருக்குக்கா. ஓரத்துல இருக்கறது அந்தமான்."

கொஞ்ச நாளாக ரசத்தை ருசி பார்க்கும்போது நாக்கு எரிவது இருசம்மாளுக்கு ஞாபகம் வந்தது. மிளகாய்த்தூள் கடையை மாற்றியதுதான் காரணம் என்று நினைத்திருந்தாள். பயிற்சி மருத்துவர் படிவத்தைப் பார்த்தார். நாக்கு என்ற இடத்தில் இயல்பு, இயல்பற்றது என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. தயங்கிவிட்டு இரண்டாவதில் டிக் போட்டார். அவர்மேல் தப்பில்லை. தெரியவில்லை என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில்தான் போட்டிருப்பார்.

மறுநாள் காலை எழுத்தர் அப்துல் அஹத் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அலுவலகத்தில் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சம்பந்தப்பட்டவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலை அவருடையது. பல வருஷமாகப் பார்த்து அவர் முகமே ஒரு மாதிரி ஆகியிருந்தது. உத்தரவை அவரே வாசித்தார். நாக்கில் இயல்பற்ற தன்மை கண்டறியப்பட்டுள்ளபடியால், குணமானதற்கான சான்று சமர்ப்பிக்கும் வரை இருசம்மாள் சமையலறைக்குள் நுழையக் கூடாது. பணி நேரத்தில் வளாகத்தை விட்டு வெளியேறவும் கூடாது.

"அடுப்புல பருப்பு வேகுது சார்."

"பருப்பைப் பத்தி ஒண்ணும் போடலைம்மா. உங்களைத்தான் வெளிய வரச் சொல்லியிருக்கு."

சமையலறைக்கு எதிரே நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இருசம்மாள் அதில் உட்கார்ந்துகொண்டு, புளியைக் கரை, பெருங்காயத்தைப் பொரி, அடுப்பைக் குறை என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாக்கியமேரி செய்துகொண்டிருந்தாள். அன்றைய சாம்பார் ஓரளவு சாம்பாராகவே வந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த சுகாதார ஆலோசகர் இதைக் கவனித்துவிட்டார். சாயங்காலம் தெளிவுரை உத்தரவு ஒன்று வந்தது. குரல் என்பது நாக்கின் வழியாகவே வருவதால், நுழைவது என்பதில் குரல் நுழைவதும் அடங்கும். நாற்காலியை மாமரத்தடிக்கு மாற்றினார்கள்.

இருசம்மாளின் வீடு ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில். அவள் கணவன் பிச்சை, காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். அன்று அவன் வந்ததும் அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் நாக்கைப் பார்த்தான்.

"பொகையிலை கிகையிலை போட்டியா?"

"நான் வெத்தலையே போடறதில்ல."

"நம்ம வெங்காய மண்டியில ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் சொல்லாததைத்தான் இருசம்மாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டுவதும், உள்ளே இழுப்பதும், மறுபடி நீட்டுவதுமாக இருந்தாள். நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் வெந்நீர்கூட வைத்துக்கொள்ள மாட்டானே என்று தோன்றியது. அழுகை வரவில்லை. பயம் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று, கடைசியில் டாக்டர் மஹ்ஜபீன் முன்னால் உட்கார்ந்தாள். சின்ன வயதுக்காரர். முகத்தில் அப்போதே ரிடையர் ஆகப்போகிறவரின் களைப்பு இருந்தது. நாக்கைப் பார்த்தார். விரலால் திட்டைத் தொட்டுப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. இதுக்கு நிலப்பட நாக்குன்னு பேரு. மேப் மாதிரி இருக்குல்ல, அதான். நாக்கு மேல பொடிப்பொடியா முள்ளு மாதிரி இருக்கும். அது சில எடத்துல கொஞ்ச நாளைக்கு உதிர்ந்துடும். அந்த எடம் செவப்பா வழவழன்னு தெரியும். அப்புறம் அங்க மொளைச்சுடும், வேற எடத்துல உதிரும். அதனால மேப் நகர்ந்துக்கிட்டே இருக்கும்."

"கேன்சரா டாக்டர்?"

"இல்லம்மா. பின்னால கேன்சரா மாறவும் மாறாது."

"ஒட்டிக்குமா? நான் சமையல் வேலை."

"யாருக்கும் ஒட்டாது. உங்க வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே தட்டுல சாப்பிடலாம்."

"அவரு அதெல்லாம் செய்யமாட்டாருங்க. இது ஏன் வருது?"

"சரியா தெரியாதும்மா. நிறையப் பேருக்கு இருக்கு. பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. மருந்து வேண்டாம். எரியற நாள்ல காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடறது, இதை மட்டும் குறைச்சுக்கங்க. பல்லு வெளக்கற பேஸ்ட் சுருசுருன்னு இருந்தா வேற மாத்துங்க. எப்பவாவது ஒரே எடத்துல புண்ணு வந்து ரெண்டு மூணு வாரமா நகராம, ஆறாம இருந்தா அப்ப வாங்க. தினமும் கண்ணாடியில பாக்காதீங்க."

அதையே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தீங்கற்றது, தொற்றாதது, சிகிச்சை தேவையில்லை. இருசம்மாள் வெளியே வந்து ஓர் இளநீர் வாங்கிக் குடித்தாள். வழுக்கையையும் சுரண்டிச் சாப்பிட்டாள். பிச்சைக்குப் போன் செய்து ஒன்றுமில்லையாம் என்று சொன்னபோதுதான் அழுகை வந்தது. நோய் அதோடு முடிந்தது. நடவடிக்கை தொடங்கியது.

இயக்குநர் ஆசீர் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அவருக்கு அது குறையாகப் பட்டது.

"சிகிச்சை தேவையில்லைன்னு போட்டிருக்காங்க. அப்ப நீங்க சிகிச்சை எடுக்கலை."

"தேவையில்லைங்கறாங்க சார்."

"அம்மா, டாக்டர் நோயாளியைப் பாப்பாங்க. நாங்க விதியைப் பாக்கணும். விதியில குணமானவர், சிகிச்சையில் உள்ளவர்னு ரெண்டு பேர்தான் இருக்காங்க. நீங்க ரெண்டுலயும் இல்லை."

"நோயே இல்லைங்கறாங்களே சார்."

ஆசீர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யோசிப்பதில் விருப்பம் உண்டு, அவ்வளவுதான். "நோய் இல்லைன்னா எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனா நோய் இல்லாட்டி அது குணமாகறதுக்கு வழியே இல்லாமப் போயிடுதே. குணமாக வழியில்லாத ஒண்ணை நான் எப்படிச் சமையலறைக்குள்ள விடறது? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்ல? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஆனா கேக்கக்கூடிய நெலமையில நாம இருக்கோம் இல்லையா?"

இருசம்மாள் மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். சிகிச்சையில் இருப்பதாக எழுத முடியாது, அது பொய் என்றார் டாக்டர். வெளியே வராண்டா வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். வேண்டுமானால் நான் சொன்ன ஆலோசனையை எழுதுகிறேன் என்று, காரம் குறைத்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டுள்ளது என்ற வரியைச் சேர்த்தார். உதவி செய்ததாகவே நினைத்தார்.

அந்த வரிக்காக மாடியில் ஒரு குழுவே அமைக்கப்பட்டது. நாக்கு நிலை ஆய்வுக் குழு என்று பெயர். காரம் குறைக்க வேண்டிய ஒருவர் காரக்குழம்பு வைப்பது எங்ஙனம் என்பது முதல் கூட்டத்தின் பொருள். அன்று கொடுத்த போண்டா பாக்கியமேரி தனியாகப் போட்டது. உள்ளே மாவு வேகவில்லை. குழு அதை மௌனமாகச் சாப்பிட்டுவிட்டு, இருசம்மாளின் நாக்கைத் தினமும் கண்காணிப்பது என்று முடிவு செய்தது. இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். காலையில் வந்ததும் மாமரத்தடியில் அவள் நாக்கை நீட்ட வேண்டும். அப்துல் அஹத் படம் எடுத்துப் போட வேண்டும். சுகாதார ஆலோசகர் கட்டைவிரல் போடுவார். துணை இயக்குநர் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் போடுவார். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இருசம்மாளின் நாக்கு தினமும் வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா, நெழல் விழுது" என்பார் அப்துல் அஹத். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் படம் எடுப்பார்.

ஒரு நாள் குழு எல்லாப் படங்களையும் அச்செடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பியது. இருசம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"முதல் படத்துல செவப்பு நடுவுல இருக்கு" என்றார் சுகாதார ஆலோசகர். "இதுல இடது ஓரத்துல இருக்கு. இதுல நுனிக்கு வந்துடுச்சு. ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லை. இது ஒரே ஆளோட நாக்கு இல்லை."

"அது நகரும்னு டாக்டரம்மா சொன்னாங்க சார்."

"நிலப்படம்னு நீங்கதானேம்மா எழுதி வாங்கிட்டு வந்தீங்க. நிலம் நகருமா?"

இருசம்மாள் அப்துல் அஹத்தைப் பார்த்தாள். படம் எடுத்தது நான்தான் சார், அவங்க நாக்குதான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்க இயலாது என்று குறித்துக்கொண்டார்கள். நாக்கு அவளுடையதுதான் என்று உரிய அதிகாரியிடம் சான்று வாங்கிவரச் சொன்னார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் பொறுமையாகக் கேட்டார். "நெலத்துக்குச் சான்று தருவேன். ஆளுக்குத் தருவேன். ஆளோட உறுப்புக்குத் தனியா தர எனக்கு அதிகாரம் இல்லைம்மா." பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் யாரையாவது பாருங்கள் என்றார். இருசம்மாளுக்குத் தெரிந்த பச்சை மை, பக்கத்துத் தெருக்காரர்கள் மாடு ஓட்டிக்கொண்டு போகும் கால்நடை மருத்துவர் ஒருவர்தான். ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. அவரும் அலுவலகத்தில் இருக்கிறவர்தானே.

"மாடா இருந்தா நாக்கை வெளிய இழுத்துப் பாத்துடுவேன். நீங்களே நீட்டுங்கம்மா."

படத்தைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, இன்னார் என் முன்னிலையில் நீட்டினார் என்று எழுதி முத்திரை குத்தினார். முத்திரையில் கால்நடை என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே தண்ணீர் வந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. பேசாமல் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இந்த வயதில் வேறு எங்கே போனாலும் ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். நாக்கு என்று சொன்னால் யாரும் வாய்த்துடுக்கு என்றுதான் நினைப்பார்கள்.

சான்றைக் குழு கோப்பில் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போயிருந்தது. பாக்கியமேரி காலையில் அழுதுகொண்டே வந்து சாயங்காலம் அழுதுகொண்டே போனாள். "உப்பு பாத்துச் சொல்லக்கூட ஆளில்லக்கா. நான் ஒரு ஆளா பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் ருசிக்குது." விடுதிப் பெண்கள் சேர்ந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். குழு அதை ஆழமாகப் பரிசீலித்தது. இவ்வளவு பேருக்கு ஒரே சமயத்தில் சாப்பாடு பிடிக்காமல் போனதற்கு அவர்களுடைய நாக்குகளும் காரணமாக இருக்கக்கூடும் என்று முடிவுக்கு வந்தது. உடனடியாக நாக்கு நல விழிப்புணர்வு விழா நடத்தத் தீர்மானித்தார்கள். விழா ஏற்பாட்டு மும்முரத்தில் தினமும் நாக்கைப் படம் எடுப்பது நின்றுபோனது.

விழா ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, பூங்கொத்து, பெரிய திரை. விடுதிப் பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னதால் எல்லாரும் வந்திருந்தார்கள். இருசம்மாளை மேடையில் உட்கார வைத்தார்கள். அவள் நாக்கை நீட்டும்போது கேமராக்காரர் கிட்டே போய்ப் பிடிப்பார். அது திரையில் பெரிதாகத் தெரியும். அதைக் காட்டி ஆலோசகர் விளக்குவார் என்று ஏற்பாடு. பிச்சை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மார்க்கெட்டுக்குப் போகாமல் வந்திருந்தான்.

ஆசீர் பேசினார். "ஒரு சாதாரணச் சமையல் தொழிலாளியின் நாக்குக்காக எங்கள் இணையம் எத்தனை கூட்டம் நடத்தியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. வேறு எந்த வேலையும் செய்யாமல் இதையே செய்தோம். மருத்துவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கைவிட்ட நிலையிலும் நாங்கள் கைவிடவில்லை." கைதட்டல் அடங்கியதும் இருசம்மாள் பக்கம் திரும்பினார். "நீட்டுங்கம்மா."

இத்தனை பேர் முன்னால் என்று இருசம்மாளுக்குக் கூசியது. பிச்சை தலையைக் குனிந்துகொண்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

மண்டபத்தில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். நாக்கு முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு திட்டுகூட இல்லை. கேமராக்காரர் இடது ஓரம் போனார், வலது ஓரம் போனார், ஒன்றும் கிடைக்காமல் நுனிக்கு வந்து நின்றார். ஆலோசகர் கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தினார். இவ்வளவு செலவு செய்து வைத்த விழாவில் இப்படிச் செய்துவிட்டாளே என்பது போல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே தப்புச் செய்தது போல இருந்தது.

ஆசீர்தான் முதலில் சுதாரித்தார். மைக்கைக் கிட்டே இழுத்தார். "இதைத்தான் சொல்ல வந்தேன். இணையத்தின் இடைவிடாத கண்காணிப்பால் நோய் பூரணமாகக் குணமாகியிருக்கிறது."

கைதட்டல் பலமாக எழுந்தது. இருசம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"அதுவா வந்துச்சுங்க. அதுவாவே போயிடுச்சு" என்றாள் இருசம்மாள். "டாக்டரம்மா மொத நாளே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. இங்க யாரும் ஒண்ணும் பண்ணலைங்க."

ஆசீர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா, எவ்வளவு எளிமையா நன்றி சொல்றாங்க" என்றார். மறுபடி கைதட்டினார்கள்.

குணமானவர் என்ற உத்தரவு அந்த வாரமே வந்தது. நிரந்தரப் பணி ஆணையும் பின்னாலேயே வந்தது. இருசம்மாள் சமையலறைக்குள் போனதும் முதல் வேலையாகப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாள். விடுதிப் பெண்கள் தட்டைக் காலி செய்யத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், ரசத்தை ருசி பார்த்தபோது நாக்கு சுரீரென்றது. அவள் கண்ணாடியைத் தேடவில்லை. கரண்டியைப் பாக்கியமேரியிடம் நீட்டி, "உப்பு பாத்துச் சொல்லுடி" என்றாள். பாக்கியமேரி அவள் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் போடலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

விழாவின் வெற்றியால் இனி அலுவலக ஊழியர் அனைவருக்கும் நாக்குப் பரிசோதனை உண்டு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதை ஒட்டிய அன்று மதியம், பந்தி முடிந்து பாக்கியமேரி கடைக்குப் போயிருந்த நேரத்தில், அப்துல் அஹத் சமையலறைக்குள் வந்தார். அவர் உள்ளே வந்து இருசம்மாள் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினார். என்ன உத்தரவோ என்று அவள் கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்று நாக்கை நீட்டினார்.

நடுவில் பெரிதாக ஒரு திட்டு. வெள்ளைக் கரை. பக்கத்தில் இரண்டு சின்னது.

"எனக்கு இது ரிடையர் ஆகற வருஷம்மா" என்றார். "வீட்டுல கூடச் சொல்லலை. உங்க படத்தையெல்லாம் நான்தானே எடுத்தேன். பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. ஆனா உங்களுக்கு வந்தது ஒண்ணுமில்லாதது. எனக்கும் அதேதான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"எரியுதா சார்?"

"ஊறுகா தொட்டா."

"எடம் மாறுதா?"

"போன வாரம் ஓரத்துல இருந்துச்சு."

இருசம்மாள் டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். முள் உதிர்வது, முளைப்பது, ஒட்டாதது, மாறாதது. சந்தேகமாக இருந்தால் மஹ்ஜபீன் டாக்டரைப் போய்ப் பாருங்கள், வரிசை நீளமாக இருக்கும், ஆனால் பார்ப்பார் என்றாள். "மாடியில மட்டும் யார்கிட்டயும் நீட்டிடாதீங்க. அன்னிக்கு லீவு போட்டுடுங்க."

அவர் தலையாட்டினார். அவள் ஒரு தட்டில் தயிர்சாதம் போட்டு, ஊறுகாய் வைக்காமல் கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டார். பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவு வரை போனவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவையும் மடித்த வெள்ளைத்தாள் ஒன்றையும் எடுத்தார்.

"இருசம்மா, ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? ஆபீசுக்கு இல்ல. எனக்குத்தான்."

இருசம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.